நவிரமலை வழி

நம் கூடுவாஞ்சேரியில் வெள்ளிக்கிழமை மாலை ஒரு காட்சியைக் காணலாம். முதுகில் பெரிய பையும் காலில் புதிய காலணியுமாக இளைஞர் பலர் நெடுஞ்சாலை ஓரத்தில் கூடுகின்றனர். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறக்கப்பட்ட பின், தென்திசைப் பேருந்துகள் நம் வாயிற்படியிலிருந்தே புறப்படுவது போலாயிற்று. எங்கே பயணம் என்று கேட்டால், ‘மலையேறப் போகிறோம்’ என்பது விடை. வாரம் ஐந்து நாளும் நாற்காலியில் அமர்ந்து கணிப்பொறியைப் பார்த்த கண்கள், ஆறாம் நாள் பாறையையும் பச்சையையும் நாடுகின்றன. நல்ல விருப்பமே. ஆயினும் மலைக்கென்று ஒரு கணக்கு உண்டு. அக்கணக்கை அறிந்தவரைக் காட்டிலும் அறியாதவரே அதிகம் ஏறுகின்றனர். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்த விதி, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பதாகும். ஆகவே நம் பக்கத்தார் பலரும் பெயரளவிலேனும் அறிந்த மலை ஒன்றைக் கொண்டே இதை விளக்கப் புகுகிறேன்.

திருவண்ணாமலை மாவட்டத்தில், கலசபாக்கம் வட்டத்தில், தென்மகாதேவமங்கலத்துக்கு அருகே நிற்பது பருவதமலை. உச்சியில் மல்லிகார்ச்சுனரும் பிரமராம்பிகையும் எழுந்தருளிய சிறு கோயில். 4,500 அடி உயரம் என்று வழக்கில் சொல்வர். தென்மகாதேவமங்கலம் வழியாக ஒரு பாதை, கடலாடி வழியாக மற்றொரு பாதை. இரண்டும் இடைவழியில் கூடுகின்றன. தொடக்கத்தில் காட்டுவழி, பின்னர்க் கட்டிய படிகள், அதன்பின் ஒழுங்கற்ற பெருங்கற்கள். இவ்வளவும் கால் வலிமைக்கு உரியவை. இறுதிப் பகுதியே மலையின் உண்மை முகம். செங்குத்தான பாறையில் துளையிட்டுக் கடப்பாரைகளை நட்டுச் சங்கிலியைப் பிணைத்திருக்கின்றனர். கடப்பாரைப் படி, தண்டவாளப் படி, ஏணிப்படி, ஆகாயப் படி என்று மக்கள் இட்டு வழங்கும் பெயர்களே வழியின் தன்மையைச் சொல்லிவிடும். ஆகாயப் படியில் நிற்பவன் கீழே நோக்கினால், அவன் காலுக்கும் சமவெளிக்கும் நடுவே காற்றைத் தவிர வேறொன்றும் இல்லை.

இம்மலைக்கு வழிகாட்டி நூல் ஒன்று உண்டா என்று கேட்பவர்க்கு, உண்டு, அது சங்ககாலத்தது என்று விடை கூறலாம். பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாம், 583 அடிகள் கொண்டது, பெருங்கௌசிகனார் பாடியது, கூத்தராற்றுப்படை என்றும் பெயர் பெறுவது. செங்கண்மா என்னும் ஊரை ஆண்ட நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தர்க்கு, முன்பே சென்று மீண்டவன் வழி கூறுவதாக அமைந்தது. செங்கண்மா இன்றைய செங்கம். அதில் கூறப்படும் நவிரமலை இன்றைய பருவதமலையே என்பது அறிஞர் பலர் கொள்கை. உ. வே. சாமிநாதையர் 1889-ஆம் ஆண்டில் பத்துப்பாட்டைப் பதிப்பித்தபோது தமிழர்க்கு இலக்கியம் மட்டுமா கிடைத்தது? மலைவழிப் பாதுகாப்பைப் பற்றிய பாடம் ஒன்றும் கிடைத்தது என்பேன்.

அந்த வழிகாட்டி என்னென்ன சொல்கிறான்? பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் கிடக்கும். ஆதலால் இருளில் நடவாமல் பொழுது புலர்ந்தபின் செல்க என்கிறான். பாம்புகள் மறைந்திருக்கும் இடங்களைக் குறிப்பிடுகிறான். தினைப்புனம் காப்போர் யானையை ஓட்ட எறியும் கவண்கல் உங்கள் மேலும் படக்கூடும். மரத்தின் பின் ஒதுங்கிச் செல்க என்கிறான். பாசி படர்ந்து வழுக்கும் இடங்களில் மூங்கில், கொறுக்கைக் கோல்களைப் பற்றிக்கொண்டு கடக்கச் சொல்கிறான். இரவு வந்துவிட்டால் குகையில் தங்குக என்கிறான். என்னை மிகவும் வியப்பில் ஆழ்த்திய குறிப்பு ஒன்று உண்டு. வழி பிரியும் இடங்களில், பின்வருவோர் மயங்காதபடி, புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுங்கள் என்கிறான். இன்று காட்டுப் பாதைகளில் மரத்திலும் பாறையிலும் வண்ணம் தீட்டி அம்புக்குறி இடுகின்றார்களே, அதன் மூதாதை அந்தப் புல்முடிச்சு. கூத்தர் கூட்டத்தில் குழந்தைகளும் முதியோரும் யாழும் முழவும் சுமந்தவரும் இருந்தனர் என்பதை மறவாதீர்கள். அவர்களுக்குச் சொன்ன அறிவுரையில் பொறியும் கவண்கல்லும் நீங்கலாக எஞ்சியவை அனைத்தும் இன்றும் செல்லுபடியாகும்.

இனிக் கணக்குக்கு வருவோம். மாடிப்படி ஏறாதார் இல்லை. ஒரு மாடிக்குப் பத்தடி உயரம் என்று கொள்க. அடிவாரத்திலிருந்து 3,000 அடி ஏறுவதாக வைத்துக்கொண்டால், அது முந்நூறு மாடி ஏறுவதற்குச் சமம். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் தம் உடலை அவ்வளவு உயரம் தூக்கிச் செல்ல வேண்டிய வேலை ஏறத்தாழ 130 கிலோ கலோரி. இதென்ன பெரிது, இரண்டு இட்டலியின் ஆற்றலன்றோ என்று நினைக்கலாகாது. நம் தசைகள் தாம் செலவிடும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கு அல்லது ஐந்தில் ஒரு பங்கையே வேலையாக மாற்றவல்லவை. எஞ்சியது முழுவதும் வெப்பமாகிறது. ஆகவே செலவாவது 500 கிலோ கலோரிக்கு மேல். அதில் 400 வரை உடலுக்குள் வெப்பமாகத் தேங்குகிறது. அவ்வெப்பத்தை வெளியேற்ற உடலுக்குள்ள முதன்மையான வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை தோலில் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கொண்டு செல்லும். எனவே ஏறுகின்ற வேலைக்கு மட்டுமே முக்கால் லிட்டர் நீர் வேண்டும். பாறையின் சூடும் வெயிலும் பை சுமையும் சேர, இதைப் போல் இரு மடங்கும் மும்மடங்கும் ஆவது இயல்பு. ஆவியாகாமல் சொட்டி விழும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. அது வீண் இழப்பு.

நீரை மட்டும் குடித்தால் போதாது. வியர்வையில் உப்பும் போகிறது. உப்பில்லாத நீரை மிகுதியாகக் குடித்தால் இரத்தத்தில் உள்ள உப்பு நீர்த்துப்போய்த் தலைவலியும் மயக்கமும் உண்டாகும். உப்பிட்ட மோர் இதற்கு மிக நன்று. மோர் கொண்டு செல்ல இயலாதவர்க்கு, ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்த கரைசல் ஏற்றது. கடைகளில் புட்டியில் விற்கும் வண்ணப் பானங்கள்மீது எனக்கு நம்பிக்கை இல்லை, பெரும்பாலும் சர்க்கரைதான்.

ஏறும் வேகத்துக்கும் ஓர் அளவுகோல் உண்டு. கருவி எதுவும் வேண்டா. பக்கத்தில் வருபவரோடு ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா? முடிந்தால் நடை சரி. முடியாவிட்டால் இதயம் தன் எல்லையை நெருங்குகிறது. மார்பில் அழுத்தமோ, இடத்தோளில் வலியோ, வழக்கத்துக்கு மாறான வியர்வையோ தோன்றினால் அந்த இடத்திலேயே அமர்ந்துவிட வேண்டும். உச்சி இன்னும் சிறிது தூரந்தான் என்று பிறர் ஊக்குவிப்பதற்குச் செவி கொடுக்கலாகாது. 2024-ஆம் ஆண்டில் கோயம்புத்தூருக்கு மேற்கே உள்ள வெள்ளியங்கிரி மலையில், ஏறும் பருவத்தில், மூச்சுத் திணறியும் மயங்கி விழுந்தும் பக்தர்கள் சிலர் உயிர் துறந்ததைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். ஏழு மலைகளை ஒரே மூச்சில் ஏறிவிட வேண்டும் என்னும் வேட்கைக்கு உடல் இசைந்து கொடுப்பதில்லை.

கடப்பாரையும் சங்கிலியும் உள்ள பகுதிக்கு ஒரே விதிதான். இரண்டு கைகள், இரண்டு கால்கள் என நான்கில் எப்போதும் மூன்று ஊன்றியிருக்க வேண்டும். ஒன்று மட்டுமே நகர வேண்டும். சிறு பிள்ளைகள் கொய்யாமரம் ஏறும்போது இதை யாரும் சொல்லாமலே செய்கின்றனர். கையில் தொலைபேசியைப் பிடித்துப் படம் எடுப்பவருக்கு ஊன்றுவதற்கு இரண்டே உறுப்புகள் எஞ்சுகின்றன. சங்கிலியில் உடலின் முழுப் பாரத்தையும் தொங்கவிடலாகாது. பாரம் காலில் நிற்க, கை சமநிலைக்கு மட்டுமே உதவ வேண்டும். முன்னவர் ஒரு படியைக் கடந்து நிலையாக நின்றபின் பின்னவர் அதில் கை வைக்க வேண்டும். கூட்டம் மிகுந்த பௌர்ணமி இரவுகளில் இந்த விதி காற்றில் போகிறது.

அமெரிக்க நாட்டின் யூட்டா மாநிலத்தில் சயான் தேசியப் பூங்கா என்று ஒன்று உளது. அங்கே ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்னும் பாறை முகட்டுக்கு 1926-ஆம் ஆண்டில் வழி வெட்டினர். பள்ளத்தாக்கின் தரையிலிருந்து 1,488 அடி. இறுதியில் இருபுறமும் பாதாளம். பிடித்துச் செல்லச் சங்கிலி. நம் பருவதமலைக்கு உடன்பிறப்பு எனத் தக்கது. கூட்டம் பெருகிச் சங்கிலியில் மக்கள் எதிரெதிரே முட்டிக்கொள்ளும் நிலை வரவே, 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், குலுக்கல் முறையில் அனுமதிச் சீட்டுப் பெற்றவரை மட்டுமே அந்த முகட்டில் விடுகின்றனர். யோசெமிட்டி தேசியப் பூங்காவின் ஹாஃப் டோம் பாறையிலும் 1919-ஆம் ஆண்டு முதல் இரும்புக் கம்பி வடங்கள் உண்டு. 1985-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அதன் உச்சியில் மின்னல் தாக்கி இருவர் மாண்டனர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் நாட்டில் சித்திரை, வைகாசி மாதங்களில் பிற்பகலில் திடீரென இடிமழை எழும். மொட்டைப் பாறையின் உச்சியும், அதில் பதித்த இரும்பும், நனைந்த கையும் ஒன்றுசேர்வது மிகக் கொடியது. மின்னலைக் கண்டபின் இடியோசை கேட்கும் வரை எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அப்போது சங்கிலியைத் தொடலாகாது.

ஏறுவது கடினம், இறங்குவது எளிது என்பது பொதுமக்கள் கருத்து. இரண்டில் மூச்சு வாங்குவது ஏற்றத்தில்தான். எலும்பு முறிவதோ பெரும்பாலும் இறக்கத்தில். காரணம் விளங்கத் தக்கதே. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை, நீண்டுகொண்டே, விழுகின்ற உடலைத் தாங்கிப் பிடிக்கிறது; வண்டிக்குத் தடை போடுவதைப் போன்ற வேலை. இவ்வேலையில் மூச்சு வாங்காது. ஆகவே களைப்புத் தெரியாது. ஆனால் தசை நார்கள் உள்ளுக்குள் நைந்துபோகின்றன. சிறிது நேரத்தில் முழங்கால் தானாகவே நடுங்கத் தொடங்கும். அந்நடுக்கம் வந்தவர் உட்கார்ந்துவிடுதல் வேண்டும். குதித்துக் குதித்து இறங்கும் இளைஞரைப் பார்க்கும்போதெல்லாம், மறுநாள் அவர் வீட்டு மாடிப்படியை எப்படி இறங்குவார் என்று எண்ணிச் சிரித்துக்கொள்வேன். ஏணிப்படியில் இறங்கும்போது முகம் பாறையை நோக்கி இருக்க வேண்டும். முதுகு காட்டி இறங்குவது வீரமன்று.

இரவில் ஏறலாமா? என் பழைய மாணவர் ஒருவர், சென்ற ஆண்டு பங்குனியில், வீட்டுக்கே வந்து இக்கேள்வியைக் கேட்டார். ‘ஐயா, பகலில் வெயில் தாங்காது. நிலவு இருக்கிறது. பத்து மணிக்கு ஏறத் தொடங்கினால் விடியற்காலையில் உச்சியில் சூரியோதயம் பார்க்கலாம்’ என்றார். ‘தம்பி, காலையில் எத்தனை மணிக்கு எழுந்தாய்?’ என்று கேட்டேன். ஆறு மணி என்றார். அலுவலகத்தில் ஒன்பது மணி நேரம், பேருந்தில் ஐந்து மணி நேரம், அதன்பின் மலை. கடப்பாரைப் படியை அடையும்போது அவர் கண் விழித்து இருபது மணி நேரம் ஆகியிருக்கும். அவருடைய வாதத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. பங்குனிப் பகலில் அந்தப் பாறை தோசைக்கல்தான். ஓய்வு பெற்ற மறு ஆண்டு நான் ஏறியபோது கைக்கொண்ட முறையை அவருக்குச் சொன்னேன். முதல்நாள் மாலையே அடிவாரத்துக்குச் சென்று உறங்கி, விடியற்காலை நான்கரை மணிக்குப் புறப்படுவது. படிகள் இருட்டில் முடியும். பாறை வெளிச்சத்தில் வரும். வெயில் முதிர்வதற்குள் மீண்டும் மரநிழலுக்குள் இறங்கிவிடலாம். நிலவொளியில் படிகூடத் தெரியும். ஆனால் பாறையின் நிழலும் பள்ளமும் ஒரே கறுப்பாகத் தோன்றும். மாணவர் சிந்தித்துவிட்டு, ‘அப்படியானால் சனிக்கிழமை முழுதும் போய்விடுமே, ஐயா’ என்றார். போகட்டுமே என்றேன். அவர் கேட்டுக்கொண்டார் என்றே அறிகிறேன்.

மாசி, பங்குனி என்றதும் நினைவுக்கு வருவது தேனி மாவட்டத்துக் குரங்கணி. 2018-ஆம் ஆண்டு மார்ச்சு 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்து ஒரு குழுவும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குழுவுமாக முப்பதுக்கு மேற்பட்டோர், பெண்களும் இளைஞருமாக, கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கி வந்தனர். காய்ந்த புல் சரிவில் தீ சூழ்ந்தது. விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் வந்தன. மலைவாழ் மக்கள் இரவெல்லாம் தொட்டிலிலும் தோளிலும் காயமுற்றோரைச் சுமந்தனர். முதலில் ஒன்பதின்மர் மாண்டனர். பின்னர் மருத்துவமனைகளில் ஒருவர்பின் ஒருவராக, 23 பேர் இறந்தனர். அவர்கள் சென்ற வழிக்கு முறையான அனுமதி இருந்ததா என்பதே பின்னர் விசாரணைப் பொருளாயிற்று. அவர்களில் சிலர் நம் பக்கத்து அலுவலகங்களில் பணிபுரியும் இளைஞரைப் போன்றவர்களே என்பதை நினைக்குந்தோறும் மனம் கனக்கிறது.

அன்று நேர்ந்ததன் இயல்பை ஒவ்வொரு மலையேறியும் அறிதல் வேண்டும். ஒரு தீக்குச்சியைக் கொளுத்தித் தலைகீழாகப் பிடித்தால் சுடர் விரலை நோக்கி விரைந்து ஏறும். நேராகப் பிடித்தால் மெல்ல இறங்கும். சரிவில் பற்றிய தீயும் அப்படியே. சுடர் மேட்டை நோக்கிச் சாய்ந்து, மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காய்ச்சி வைக்கிறது. காய்ந்த புல் தொட்டவுடன் பற்றுகிறது. சரிவு பத்துப் பாகை கூடுந்தோறும் தீயின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது தீயணைப்போர் கையாளும் கணக்கு. இருபது பாகையில் நான்கு மடங்கு. முப்பதில் எட்டு மடங்கு. மனிதனின் வேகமோ சரிவு கூடக் கூடக் குறைகிறது. ஆகவே கீழே தீயைக் கண்டு மேல்நோக்கி ஓடுபவர் தீயை வெல்ல முடியாது. பக்கவாட்டில் விலக வேண்டும். புல்லற்ற பாறை, அகன்ற நீரோடைப் படுகை, முன்பே எரிந்து கருகிய தரை ஆகியவையே அடைக்கலம். குறுகிய பள்ளங்கள் புகைபோக்கியைப் போல் அனலை இழுக்கும். ஒளிவதற்கு ஏற்ற இடம் என்று கருதி அவற்றில் இறங்கலாகாது. செயற்கை நூலாடை உருகித் தோலோடு ஒட்டும். பருத்தி ஆடை அவ்வாறு செய்வதில்லை. மலைக்குப் பருத்தி கூடாது, வியர்வையில் ஊறிக் கனக்கும் என்று கடைக்காரர் சொல்வார். குளிர்நாட்டு மலைக்கு அது சரி. பங்குனி மாதத்துப் புல்சரிவுக்குப் பருத்தியே உகந்தது என்பது என் துணிபு.

அந்நிகழ்ச்சிக்குப் பின், அதே 2018-ஆம் ஆண்டில், தமிழக அரசு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை வெளியிட்டது. 2024-ஆம் ஆண்டு அக்டோபரில், பதினான்கு மாவட்டங்களில் நாற்பது பாதைகளை வகுத்து, எளியது, நடுத்தரம், கடினம் எனப் பிரித்து, இணையவழியாகப் பதிவு செய்துகொண்டு வழிகாட்டியோடு செல்லும் திட்டத்தைத் தொடங்கியது. வழிகாட்டிகளில் பலர் அந்தந்த மலையின் அடிவாரத்து மக்கள். காட்டுத் தீக் காலத்தில் பாதைகளை மூடுகின்றனர். மூடியதைக் கண்டு முணுமுணுப்போர் குரங்கணிச் செய்தியை மீண்டும் ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

தீ கோடைக்கு உரியது. வெள்ளமும் அப்போதே வரக்கூடும் என்பதற்குச் சதுரகிரி சான்று. 2015-ஆம் ஆண்டு மே மாதத்தில், அமாவாசைக்குச் சென்ற பக்தர்களைக் காட்டாறு வாரிக்கொண்டு போயிற்று, பலர் இறந்தனர். நாம் நிற்கும் இடத்தில் தூறல்கூட இல்லாமல் இருக்கலாம். மேலே பெய்த மழை ஓடை வழியே அரைமணியில் வந்து சேரும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலும், சருகும் குச்சியும் மிதந்து வந்தாலும், ஓடையைக் கடக்காமல் மேட்டில் நின்றுவிடல் வேண்டும். முழங்காலளவு நீரேயாயினும், ஓட்டம் விரைவாக இருந்தால் நிற்கவொட்டாது. நீர் வடியும் வரை பசியோடு காத்திருப்பதில் இழப்பு ஒன்றுமில்லை.

குரங்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பருவதமலைக் குரங்குகளுக்குப் பாலிதீன் பையின் ஒலி நன்றாகத் தெரியும். உணவுப் பையைக் கையில் தொங்கவிட்டுச் செல்பவரிடமிருந்து அவை பறிக்க வரும். அவர் திடுக்கிட்டுக் கால் தவறுவதே உண்மை ஆபத்து. எல்லாம் முதுகுப் பைக்குள் இருக்கட்டும். பாறை முகட்டில் பெருந்தேனீயின் அடை தொங்கினால், அங்கே புகை பிடிப்பதும் கற்பூரம் கொளுத்துவதும் கூடா.

பயிற்சிக்கு நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. திருக்கழுக்குன்றம் மலைக்கோயிலுக்கு ஐந்நூற்றுக்கு மேற்பட்ட படிகள் உள்ளன. ஒரு மாத காலம் ஞாயிறுதோறும் காலையில் அதை ஒருமுறை ஏறி இறங்குக. அடுத்த மாதம் இருமுறை. அதன்பின், நீர் நிறைத்த பையைச் சுமந்து மும்முறை. மறுநாள் தொடை வலிக்காத நிலை வந்ததென்றால் பருவதமலைக்குக் கால் ஆயத்தம். ஐம்பது வயதைக் கடந்தவர் அதற்கு முன் ஒரு மருத்துவரிடம் இதயத்தைக் காட்டிவிடுதல் நன்று; நானும் அவ்வாறே செய்தேன். புறப்படுமுன் வீட்டாரிடம் ஒரு தாளில் மூன்று செய்திகளை எழுதி வைத்துச் செல்லுங்கள்: எந்த மலை, எந்த வழி, எத்தனை மணிக்குள் அடிவாரம் திரும்பித் தொலைபேசியில் பேசுவோம் என்பன. மலைமேல் தொலைபேசி எல்லா இடத்திலும் பேசாது. குறித்த நேரம் கடந்து இரண்டு மணி ஆகியும் செய்தி வராவிட்டால், வீட்டில் இருப்பவர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே அந்த மாவட்டத்துக் காவல்துறைக்கும் வனத்துறைக்கும் சொல்லலாம். தேடுபவர் எந்தப் பக்கத்திலிருந்து ஏற வேண்டும் என்பது அப்போது தெளிவாகத் தெரிந்திருக்கும்.